இருவருக்கும் ஒரே மேசை

ஜனவரி 9

தங்கைக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிடுவாயோ என்று ஒரு யோசனை இருந்தது. போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் கொஞ்ச நேரத்தில் குரல் ஏறிவிடுகிறது. உன் அண்ணி போன பிறகு, பெண்ணைக் கொஞ்ச நாள் நான் வைத்துக்கொள்கிறேன் என்று நீ கேட்டதும், பெற்று வளர்த்திருந்தால்தானே உனக்குத் தெரியும் என்று நான் சொன்னதும் அப்படி நடந்ததுதான். சொன்னது சொன்னதுதான். எழுதும்போது அடித்துவிட்டு மறுபடி எழுத முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பெண், அதுதான் நம் வாலு, நுழைவுத் தேர்வில் கோட்டை விட்டுவிட்டாள். வீட்டிலிருந்தே படித்து மறுபடி எழுதப்போகிறாள். போன வருடம் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன் என்றாள். உள்ளே என்ன லட்சணத்தில் படித்தாள் என்பது ரிசல்ட் வந்தபோதுதான் தெரிந்தது. எனக்கும் இப்போது அலுவலகம் வீட்டுக்கே வந்துவிட்டது. தீப்பிடித்தது, திருடு போனது, வண்டி மோதியது என்று இன்சூரன்ஸுக்கு வருகிற மனுக்களில் எது நிஜம், எது புளுகு என்று பார்க்கிற வேலையை எங்கே உட்கார்ந்து பார்த்தால் என்ன? சாப்பாட்டு மேசையில் குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது.

அண்ணி படுத்திருந்த அறை சும்மாதான் கிடக்கிறது. அதை நானும் பெண்ணும் சேர்ந்து உட்கார்கிற அறையாக மாற்றலாம் என்று இருக்கிறேன். நான் வேலை பார்க்க, அவள் படிக்க. இப்போது எல்லா இடத்திலும் அப்படித்தானே செய்கிறார்கள்? நீளமாக ஒரே மேசை. ஹால் பக்கச் சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி. கதவு வேண்டாம். பெரிய பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் நீ அலுவலகம் வடிவமைத்துத் தருகிறாய். அண்ணனுக்கு ஒரு வரைபடம் போட்டுத் தர மாட்டாயா?

அறையின் அளவைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அண்ணன்


ஜனவரி 17

அண்ணா,

கிழிக்கவில்லை. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறிய மாதிரிதான் இருக்கிறது. அளவுகளைப் படிப்பதற்குள் கண் பிதுங்கிவிட்டது.

வரைந்து தருகிறேன். உனக்காக இல்லை, வாலுவுக்காக. அன்றைக்கு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. மறந்த மாதிரி நடிக்கவும் எனக்கு வராது.

கண்ணாடியும் ஒரே மேசையும் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். செடித்தொட்டி, சத்தத்தை உறிஞ்சும் துணிப் பலகை, நின்றுகொண்டும் வேலை பார்க்க வசதியாக ஏறி இறங்கும் மேசை, சாயங்கால வெயில் மாதிரி மஞ்சள் விளக்கு என்று வருகிறவர்கள் எல்லோரும் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள். நானும் போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் அதெல்லாம் மேல்பூச்சு. நாலு பேர் சேர்ந்து இருக்கிற அறையில் உட்கார்கிறவர் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும். யார் முகத்திலும் முழிக்கப் பிடிக்காதபோது ஒதுங்கிக்கொள்ள ஒரு மூலையும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் மற்றது எது இருந்தும் பிரயோஜனமில்லை.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வரைவதற்கு முன்னால் அந்த இடத்தில் புழங்குகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு நிறத்தில் டேப் கொடுத்துவிடுவேன். ஒரு வாரம், வீட்டில் எங்கே இருக்கும்போது மனசு லேசாக இருக்கிறதோ அங்கே தரையில் ஒரு துண்டு கிழித்து ஒட்ட வேண்டும். வாயால் கேட்டால் எல்லோரும் பொய் சொல்வார்கள். டேப்பில் அவ்வளவு சுலபமாகப் பொய் வராது. உனக்கு நீலம், வாலுவுக்கு மஞ்சள் அனுப்பியிருக்கிறேன். ஒட்டிவிட்டு எங்கெங்கே என்று எழுது.

வாலு எப்படி இருக்கிறாள் என்று நீ எழுதவே இல்லை. படிப்பதைத் தவிர அவள் வேறு என்ன செய்கிறாள்?

தங்கை


பிப்ரவரி 2

தங்கைக்கு,

டேப் விளையாட்டு முடிந்தது. உன் தொழிலில் இதற்கெல்லாம் காசு வாங்குகிறீர்கள் பார், அங்கேதான் நிற்கிறீர்கள்.

என்னுடையது சாப்பாட்டு மேசை அருகில் கொஞ்சம், பால்கனியில் கொஞ்சம், வாலுவின் அறை வாசலில் கொஞ்சம். அவளுடையதைக் கேள். ஹாலில் ஒன்றுகூட இல்லை. அவள் அறையிலும் இல்லை. எல்லாம் குளியலறையில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில், ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி வைத்திருக்கிறாள்.

"என்னடி இது?"

"மனசு லேசா இருக்கற எடத்துல ஒட்டணும்னு அத்தை சொன்னாங்கல்ல?"

"கிண்டலா?"

"இல்லப்பா."

முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் சொல்கிறாள். நான் நாள் பூராவும் புளுகர்களோடு மல்லுக்கட்டுகிறவன். எனக்கா காது குத்துவது? அவள் அறைத் தாழ்ப்பாளை ரிசல்ட் வந்த அன்றே கழற்றிவிட்டேன். மறைந்து உட்கார இவளுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். போனை வைத்துக்கொண்டு அங்கேதான் பொழுதை ஓட்டியிருக்கிறாள். நீ டேப் அனுப்பியிராவிட்டால் எனக்கு இது தெரியவே வந்திராது. அந்த வகையில் உனக்கு நன்றி.

குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றியாகிவிட்டது. உள்ளே ஆள் இருந்தால் வெளியே கைப்பிடியில் துண்டைத் தொங்கவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நான் இருக்கும்போதும் துண்டுதான். சட்டம் இருவருக்கும் ஒன்று.

வரைபடம் எப்போது வரும்? அவள் நாற்காலி எனக்கு முன்னால் சுவரைப் பார்த்த மாதிரி வரட்டும். பின்னாலிருந்து பார்த்தால் திரை எனக்குத் தெரியும்.

அண்ணன்


பிப்ரவரி 8

அண்ணா,

முதலில் போய் அந்தத் தாழ்ப்பாளை மாட்டு. மாட்டிவிட்டு வந்து இந்தக் கடிதத்தை மேலே படி.

வயதுக்கு வந்த பெண் கதவு சாத்தாமல் எப்படிக் குளிப்பாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? உன் பெண் கிண்டல் செய்யவில்லை. அந்த வீட்டில் உள்ளேயிருந்து சாத்திக்கொள்ள முடிகிற ஒரே கதவு அதுதான். அதை எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் டேப் கொடுத்தேன், நீ அதையே அவளுக்கு எதிராகச் சாட்சி ஆக்கிவிட்டாய்.

போன வருடம் ஓர் அலுவலகத்துக்கு எல்லாச் சுவரையும் கண்ணாடியாகப் போட்டுக் கொடுத்தேன். முதலாளிக்குக் குஷி. சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஆட்கள் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருத்தர் காரில் போய் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். மேசைக்கு மேசை அட்டைப்பெட்டியை அடுக்கி மறைப்புக் கட்டியிருந்தார்கள். மனிதனுக்கு மறைவு வேண்டும் அண்ணா. அதற்கும் திருட்டுத்தனத்துக்கும் சம்பந்தமில்லை.

வரைபடம் இதோடு வருகிறது. சுவர் அப்படியே இருக்கும், கண்ணாடி கிடையாது. உனக்கு ஜன்னலோரம் ஒரு மேசை, அவளுக்கு எதிர்மூலையில் வேறு மேசை, நடுவில் புத்தக அலமாரி. அவள் நாற்காலிக்குப் பின்னால் சுவர் வருகிறது பார், அதை மாற்றாதே. அவளுடைய படுக்கை அறைக்குப் பழைய தாழ்ப்பாள். இதில் அதுதான் முக்கியம். மற்றதை எல்லாம் நீ மறந்தாலும் பரவாயில்லை.

தங்கை


மார்ச் 20

தங்கைக்கு,

உன் வரைபடத்தைப் பார்த்தேன். ஒரே அறைக்குள் இரண்டு அறை போட்டிருக்கிறாய். அதற்கு நீ எதற்கு?

இங்கேயே ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்து முடித்துவிட்டேன். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. சமையலறையிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது, ஹாலிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. மேசை நல்ல நீளம். நீ சொன்ன மஞ்சள் விளக்கைப் போட்டிருக்கிறேன், செடியும் வாங்கி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் தட்டிக் கழித்துவிட்டேன் என்று சொல்லாதே. அவள் சுவரைப் பார்க்க வேண்டாம் என்றுதான் நீயும் சொன்னாய். அதனால் பக்கத்திலேயே, எனக்கு இடது கைப்பக்கம் உட்கார வைத்திருக்கிறேன். தலையைத் திருப்பினால் போதும். எரிந்த கிடங்கு, இடிந்த கடை என்று நான் நேரில் பார்க்கப் போகிற நாட்களுக்காக மேசை மேல் ஒரு சின்னக் கேமரா. போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். சத்தம் பதிவாகாது. அந்த அளவு நாகரிகம் எனக்கும் உண்டு.

இன்னொன்று. கான்ட்ராக்டர் உன் பேட்டி ஒன்றைக் காட்டினார். 'கதவு என்பது பழைய காலத்துப் பயம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே உன் படம். அடுத்தவனுக்கு விற்கும்போது ஒரு நியாயம், அண்ணனுக்கு ஒரு நியாயமா?

பெண்ணைப் பற்றிக் கேட்டாயே. முன்னே மாதிரி வாயாடுவதில்லை. எதிர்த்து ஒரு பேச்சில்லை. உட்கார வைத்தால் எழுந்திருப்பதில்லை. சிலை மாதிரி இருக்கிறாள். இந்த வருடம் தேறிவிடுவாள் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அண்ணன்


ஏப்ரல் 14

அண்ணா,

சொல்லாமல் வந்தது தப்புதான். சொல்லிவிட்டு வந்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பாய். அதற்காக 'வேவு பாக்க வந்தியா?' என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி நீ கத்தியிருக்க வேண்டாம். நீ எரிந்த கடையைப் பார்க்கப் போக வேண்டி வந்ததால் எனக்கும் அவளுக்கும் ஒரு மத்தியானம் கிடைத்தது. அதில் நான் பார்த்ததை எழுதுகிறேன். கோபப்படாமல் படி. கோபம் வந்தால் இறங்கும் வரை மூடி வைத்துவிட்டு அப்புறம் படி.

நீ அவளைக் காலையிலிருந்து ராத்திரி வரை பார்த்துக்கொண்டே இருக்கிறாய். அவளுடைய வலது கன்னம், வலது காது, வலது தோள், எல்லாம் உனக்கு மனப்பாடமாக இருக்கும். இடது பக்கம் எப்போதாவது பார்த்தாயா? இடது காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை அண்ணா. மழித்த மாதிரி இருக்கிறது. அங்கங்கே பொருக்குத் தட்டியிருக்கிறது. மீதி முடியை இழுத்து மேலே படிய வாரிக் கட்டியிருக்கிறாள். நான் தலையைத் தடவப்போனதும் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அதில்தான் கண்டுபிடித்தேன்.

"யாருடி இப்படிப் பண்ணினது?"

"நான்தான் அத்தை. ஒவ்வொண்ணா பிடுங்கினா கொஞ்சம் நல்லா இருக்கும். அப்பாவுக்குத் தெரியாது. கேமராவும் அந்தப் பக்கம்தான் இருக்கு."

படிக்கிற பிள்ளை பேனாவை எடுத்துக் காட்டுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இது ஒரு நோய். இதற்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். உடனே கூட்டிக்கொண்டு போ. அந்தப் பேட்டியை என் முகத்தில் எறிந்தாய், எறிந்துகொள். அது கம்பெனிக்காரர்களைக் குளிரவைக்கச் சொன்னது. இப்போது அதுவா பிரச்சினை? தேர்வு இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம். இரண்டு மாதம் அவளை என்னோடு அனுப்பு. முன்பு உரிமையோடு கேட்டேன், இப்போது கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 19

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே ரப்பர் பேண்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டேன். உண்மைதான். டாக்டரிடமும் காட்டினேன். களிம்பு கொடுத்திருக்கிறார். மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டும் எழுதினார். தேர்வு முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். மனசு நோய் என்று ஒரு முறை எழுதிவிட்டால் அது ஆயுசுக்கும் கூடவே வரும். எத்தனை மனுவில் பார்த்திருக்கிறேன்.

நான் கவனிக்காமல் விட்டது தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வேண்டியதைச் செய்தாகிவிட்டது. இடது பக்கமும் ஒரு கேமரா வைத்துவிட்டேன். கை தலைக்குப் போனால் 'கையை எடு' என்று சொல்வேன், எடுத்துவிடுகிறாள். நான்கைந்து நாளில் குறைந்துவிட்டது.

அவளை அனுப்ப முடியாது. எனக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். அவள் அம்மா படுத்துக் கிடந்தபோது, தூங்குகிறாள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். திறந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ அப்போது இங்கே இல்லை. சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. இன்னொரு தடவை அப்படி உட்கார என்னால் முடியாது.

இனி எழுதாதே.

அண்ணன்


ஜூன் 3

தங்கைக்கு,

வாலு அங்கே வந்தாளா?

நேற்றுத் தேர்வு. நானே கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலிலேயே நின்றேன். எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள், இவள் வரவில்லை. உள்ளே போய்க் கேட்டால், எழுதாத தாளைக் கொடுத்துவிட்டு முதல் ஆளாகப் பின்பக்க வாசல் வழியே போய்விட்டாள் என்கிறார்கள். அவள் போன் வீட்டில் இருக்கிறது. போலீஸில் சொல்லியிருக்கிறேன். உன் போனுக்கு விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறேன். எடுக்கவே இல்லை. எழுதாதே என்று நான் சொன்ன கோபத்தில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாயா? இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

அங்கே இருந்தால் இருக்கட்டும். நான் வர மாட்டேன், கத்த மாட்டேன். இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்.

அண்ணன்


ஜூன் 5

அண்ணா,

இங்கே வரவில்லை. சத்தியமாக வரவில்லை. உன் எண்ணைத் திறந்துவிட்டேன், கூப்பிடு. நானும் எனக்குத் தெரிந்த இடத்திலெல்லாம் தேடுகிறேன். ராத்திரியும் வாசல் விளக்கை அணைப்பதில்லை.

தங்கை


ஜூன் 21

தங்கைக்கு,

போனில் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. 'கெடச்சிட்டா' என்பதற்கு மேல் பேச முடியாமல் வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். போனேன். உட்காரச் சொல்லிவிட்டு, "பொண்ணு நல்லா இருக்கா சார். வேற ஊர்ல ஒரு வேலைல சேந்திருக்கா. பதினெட்டு முடிஞ்சிடுச்சு, எங்களால கூட்டிட்டு வர முடியாது," என்றார்.

"விலாசம் மட்டும் குடுங்க."

"குடும்பத்துல யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா சார்."

"எனக்கு வேணாம். அவ அத்தைகிட்டக் குடுங்க. அத்தைன்னா அவளுக்கு உசுரு."

"அத்தைக்கும் வேணாம்னு தனியாவே சொன்னா சார்."

என்னை வேண்டாம் என்கிறாள். அது ஏன் என்று இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது. முழுக்கப் புரிந்தால் தாங்குவேனா என்று தெரியவில்லை. ஆனால் உன்னை ஏன்? நீ அவள் பக்கம்தானே நின்றாய்?

வேறு வேலை ஓடவில்லை. கேமராவில் பதிந்ததை எல்லாம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ பேருடைய புளுகை இப்படிப் பார்த்துப் பார்த்துப் பிடித்திருக்கிறேன். இதில் ஒன்றும் அகப்படவில்லை. உட்கார்ந்திருக்கிறாள், உட்கார்ந்தே இருக்கிறாள். நீ வந்த மத்தியானம் மட்டும் ஒரு தடவை சிரிக்கிறாள். அத்தனை மாதத்தில் அந்த ஒரு சிரிப்புதான். நீ ஏதோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாய், அவள் சிரிக்கிறாள், அப்புறம் எழுந்து தன் அறைக்குப் போகிறாள். நீயும் பின்னால் போகிறாய். சத்தம் இல்லாததால் ஒன்றும் தெரியவில்லை.

அவளிடம் என்ன சொன்னாய்?

அண்ணன்


ஜூன் 28

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று பேசியதை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். இதை எப்படி எழுதினாலும் இப்படித்தான் வரும்.

தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்: "அத்தை, நான் உங்க வீட்டுக்கு வந்தா எங்க இருப்பேன்?"

நீ என் வீட்டுக்கு வந்ததில்லை. அவளும் வந்ததில்லை. அந்த வீட்டின் மேல் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. பார்த்துப் பார்த்துக் கட்டியது, பத்திரிகையில் நாலு பக்கம் படம் வந்தது. தனியாக இருக்கிறவளுக்குச் சுவர் எதற்கு என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அதைப் பற்றிக் கேட்டால் என் வாய் நிற்குமா? அவள் அழுமூஞ்சியைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்ற ஆசை வேறு.

"என் வீட்ல ரூமே கெடையாதுடி. இந்தக் கோடியில நின்னா அந்தக் கோடி தெரியும். குளிக்கற எடத்துக்குக்கூடக் கதவு இல்ல, திரைதான். நீ ஒரு கோடியில படி, நான் ஒரு கோடியில வரையறேன். ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கலாம்."

நீ பார்த்த சிரிப்பு அதற்குத்தான். "சூப்பர் அத்தை," என்றாள். சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

எழுந்து போனாள். நானும் பின்னால் போனேன். கட்டில் பக்கத்தில் முட்டி போட்டு ஒரு பையை அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். என்னடி அது என்று கேட்டதற்குப் பழைய துணி என்றாள். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. டீ போடட்டுமா என்று கேட்டேன்.

நான் வீட்டுக்குள் வந்தபோது அந்தப் பை கட்டில் மேலே இருந்தது அண்ணா. என்னைப் பார்த்த பிறகுதான், என்னோடு கிளம்பிவிடலாம் என்று அதை எடுத்து வைத்திருக்க வேண்டும், நீ வாசலில் என்னோடு கத்திக்கொண்டிருந்த நேரத்தில். போய்க் குனிந்து பார், இன்னும் அங்கேயே இருக்கும். உள்ளே இருப்பது பழைய துணியாக இருக்காது, துவைத்து மடித்ததாகத்தான் இருக்கும்.

தங்கை